தீவுகளுக்காக உருகும் நாலாம் மாடிக்காரர்

தீவுகளுக்காக உருகுகிறவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் உண்டு. இல்லை என்று நீங்கள் சாதித்தால், டீக்கடைப் பக்கமே போகாதவர் நீங்கள், அல்லது கல்யாணப் பந்தி முடிந்ததும் வெற்றிலைகூடப் போடாமல் வீட்டுக்கு ஓடுகிறவர் என்று அர்த்தம். இந்த இனத்தார் எந்தத் தீவையும் கண்ணால் பார்த்ததில்லை. யாங்கூன் ஆற்றைத் தாண்டி டலாவுக்குப் போகும் படகில் ஏறி உட்கார்ந்தாலே அவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். ஆனால் பசிபிக் பெருங்கடலின் எந்த மூலையில் எந்தத் திட்டு கிடக்கிறது, அதற்கு எந்தப் பெரிய நாடு துறைமுகம் கட்டித் தரப்போகிறது, அந்தத் துறைமுகத்தைப் பார்த்து இன்னொரு பெரிய நாடு எப்படிப் பல்லைக் கடிக்கப்போகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒரு குட்டித் தீவுக்குப் பந்தாட்ட மைதானம் அன்பளிப்பு என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர்களுக்குச் சோறு இறங்காது. இறங்காது என்றால், வீட்டில் இறங்காது. டீக்கடையில் நன்றாகவே இறங்கும்.

எங்கள் தெருவில் இந்த இனத்துக்கு ஒரு முழு மாதிரி இருக்கிறார். ஊ ராஜரத்தினம். 'ஊ' என்பது எங்கள் ஊரில் வயதான ஆண்கள் பேருக்கு முன்னால் போடும் மரியாதை. லத்தா பேட்டையில் பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் பேனல் மொத்த வியாபாரம். மின்சாரம் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகமான ஊரில் இந்த வியாபாரம் எப்படி நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரே விசிறியும் கையுமாக உட்கார்ந்து பெருமூச்சு விடும்போது அவர் முகத்தில் மட்டும் ஒரு சாந்தம் குடிகொண்டிருக்கும். வீடு, தெருமுனைக் கட்டடத்தில் நாலாம் மாடி, இடப்பக்கம். இந்த விலாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். நான் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. ஆகையால் நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி படிக்கட்டில் கேட்டது.

கட்டடத்தின் காலடியில், தெருவும் பெரிய சாலையும் சந்திக்கிற முனையில், பவுனம்மாளின் கடை. எங்கள் எல்லோருக்கும் அவர் பவுனக்கா. இட்லிக் கொப்பரை ஒன்று, தேநீர் அடுப்பு ஒன்று, குட்டை மேசை மூன்று, முழங்கால் தாடையில் இடிக்கிற பிளாஸ்டிக் முக்காலிகள், மேலே ஒட்டுப்போட்ட பெரிய குடை. இவ்வளவுதான் சாம்ராஜ்யம். ஆனால் இடம் இருக்கிறதே, அது பொன்னான இடம். பஸ்ஸுக்குப் போகிறவரும் பஸ்ஸிலிருந்து வருகிறவரும் அந்தக் குடையை உரசாமல் போக முடியாது. கணவர் போன பிறகு பவுனக்காவும், நர்ஸ் படிப்பு படிக்கும் மகள் தமிழ்மணியும் சாப்பிடுவது அந்த முனையில் விற்கிற இட்லியால்தான். அந்த முனை போனால் அவர்களுக்கு வேறு முனை கிடையாது.

ஊ ராஜரத்தினத்தின் கடல்சார் விரிவுரை தினமும் காலையில் அங்கேதான் நடக்கும். வந்து உட்கார்ந்ததும் லப்பெயே, அதாவது பால் தேநீர், ஒரு கோப்பை. கூடவே ஒரு தட்டு பயாஜோ. உங்கள் ஊர்ப் பருப்பு வடைதான், இங்கே வந்து பேரை மாற்றிக்கொண்டு உருவத்தில் கொஞ்சம் இளைத்திருக்கிறது. பயாஜோக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்புவார். மேசைதான் பெருங்கடல். பயாஜோக்கள் தீவுகள். தேநீர்க் கோப்பை, வளர்ந்துவரும் பெரிய நாடு.

"பாருங்க தம்பி, இது தீவு. பாவம், சின்னது. கடல்ல மீனு, கரையில தென்னமரம், வேற என்னா இருக்கு? இப்ப இவன் வர்றான்." கோப்பை நகரும். "வந்து கைய குடுக்குறான். போட்டோ புடிக்கிறான். மைதானம் கட்டித் தர்றேங்கிறான், மந்திரிமாருக்கு ஆபீஸ் கட்டித் தர்றேங்கிறான். கேட்டா, கண்டிசன் ஒண்ணும் கிடையாதுங்கிறான். தம்பி, கண்டிசன் கிடையாதுன்னு ஒருத்தன் சொன்னா அங்கதான் கண்டிசனே ஆரம்பிக்குது! அப்புறம் மெள்ள, கரையோரமா கொஞ்சூண்டு எடம் போதும்பான். ரெண்டு பேருக்கும் நன்மைம்பான். அவ்ளோதான், முடிஞ்சிச்சு."

"தீவுக்காரங்க வேணாம்னு சொல்லலாமில்லே அண்ணே?"

"எப்படிச் சொல்லுவான்? ஆனாதே!"

ஆனாதே என்ற இந்தப் பர்மியச் சொல்லை எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். ஒருவர் சிரித்த முகத்தோடு ஒன்றை நீட்டும்போது, வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடுமே என்று நம் வயிற்றுக்குள் ஒரு சங்கடம் புரளுகிறதே, அதுதான் ஆனாதே. இந்தச் சங்கடத்துக்கு அஞ்சியே எங்கள் ஊரில் பலர் பிடிக்காத பலகாரத்தைத் தின்றிருக்கிறார்கள், பிடிக்காத மாப்பிள்ளையைக்கூடக் கட்டியிருக்கிறார்கள். பசிபிக் தீவுகளில் இந்தச் சங்கடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஊ ராஜரத்தினத்துக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு தீவும் பறிபோகும் கட்டம் வந்ததும் அவர் அந்தத் தீவை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கவனித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். கண் கலங்கும், வாய் மெல்லும். விரிவுரை முடியும்போது பெருங்கடலில் ஒரு தீவும் மிஞ்சாது, எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். "அவ்ளோதான் தம்பி, எல்லாத்தையும் முழுங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு விரலைத் துடைத்துக்கொள்வார்.

அந்தப் பெரிய நாடு எது என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். அது மாதத்துக்கு மாதம் மாறும். அவருடைய பேட்டரிப் பெட்டிகள் எந்த நாட்டிலிருந்து வரத் தாமதமோ, அந்த மாதத்துக்கு அந்த நாடுதான் தீவுகளை முழுங்கும். சரக்கு வந்து சேர்ந்துவிட்டால் அதே நாடு, "என்ன இருந்தாலும் தொழில் தெரிஞ்சவன்" ஆகிவிடும்.

இதோடு நின்றால் இவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தாராளம். கை நீளம், மனசு அகலம். யாருக்காவது ஏதாவது கொடுக்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரியாவிட்டாலும் தூக்கம் வராது.

ஒரு மழைநாளில் பவுனக்காவின் குடை ஒழுகி, ஊ ராஜரத்தினத்தின் தேநீரில் நாலு சொட்டு விழுந்தது. மறுநாளே புதுக் குடை வந்தது. வந்ததா? வந்து இறங்கியது! நான்கு பேர் தூக்கிவந்த ராட்சதக் குடை. சிவப்பு ரிப்பன் கட்டி, அதை வெட்டக் கத்தரிக்கோல் இல்லாமல், பவுனக்கா பால்பவுடர் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலையே கடன் வாங்கி வெட்டினார். பவுனக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, போட்டோ எடுக்கும்வரை விடவில்லை. அந்தக் கை இட்லி மாவுக் கை. போட்டோவில் இரண்டு பேர் கையும் வெள்ளையாக இருக்கிறது.

"எதுக்கு அண்ணே இதெல்லாம்?" என்றார் பவுனக்கா.

"சும்மா வெச்சிக்கங்க டோ பவுனம்மா. கண்டிசன் ஒண்ணும் கிடையாது."

கவனித்தீர்களா, சாதாரண நாளில் 'பவுனு' என்று கூப்பிடுகிறவர். கொடுக்கும் நாளில் மட்டும் 'டோ' என்ற மரியாதை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் என் பயாஜோவை மெல்லாமல் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு சுருக்கம், ஒரு சந்தேகம்? மருந்துக்கும் இல்லை. அப்போதுதான் சாலமன் தீவுப் பக்கம் பேசி முடித்திருந்தார்.

குடையைத் தொடர்ந்து பெஞ்சு வந்தது. பெஞ்சைத் தொடர்ந்து மூன்று புது மேசைகள். எங்கள் ஊரில் கொடுத்தவர் பேர் எழுதாமல் ஒரு பெஞ்சுகூடத் தெருவுக்கு வராது. புருஷன் பேர், பெண்சாதி பேர், குடும்பத்தார், வீட்டு விலாசம், எல்லாம் பெயின்ட்டில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் புண்ணியம் வழி தவறி அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடும் என்று பயம். ஆகவே எல்லாவற்றிலும் தமிழிலும் பர்மியத்திலும் எழுதினார்கள்: 'நன்கொடை: ஊ ராஜரத்தினம் – டோ சாந்தகுமாரி குடும்பத்தார், நாலாம் மாடி, இடப்பக்கம்.' மேசையின் நடுவில் எழுதியிருந்ததால், சட்னியைச் சிந்தினால் அது டோ சாந்தகுமாரியின் பேர்மேல் விழுந்தது. சாந்தகுமாரி அவர் மனைவி. பாவம், அந்த அம்மாளுக்கு இந்த மேசைகளில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே இறங்கிப் பார்த்ததுகூட இல்லை. முழங்கால் வலி.

பதிலுக்கு அவர் கேட்டவை? மிகச் சின்னவைதான். பேட்டரி பற்றி யாராவது பேச்செடுத்தால் பவுனக்கா விரலை மேலே காட்ட வேண்டும். சரி. அவர் தேநீர் மற்றவர் தேநீருக்கு முன்னால் வர வேண்டும். சரி. அப்புறம் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "அந்த பெஞ்சில வயிரவன் செட்டியார் ஒக்காரணுமா? சும்மா கேக்குறேன்" என்றார். வயிரவன் செட்டியார் பருப்பு மண்டிக்காரர். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இருவரும் எதிரெதிர் வரிசை. செட்டியார் நாற்காலியில் உட்கார்ந்தாலே அவருக்கு ஆகாது, பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படி ஆகும்? பவுனக்கா சங்கடப்பட்டு, வார்த்தையைத் தேனில் தோய்த்துச் செட்டியாரிடம் சொன்னார். செட்டியார் எழுந்தார். மறுநாள் ஓர் ஐஸ் பெட்டி வந்தது. ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரியது. மூடியில் செட்டியார் பேரும் மண்டி விலாசமும்.

"கண்டிசன் ஒண்ணும் இல்ல ஆச்சி" என்றார் செட்டியார். பவுனக்கா நகரத்தாரும் இல்லை, ஆச்சியும் இல்லை. இருந்தாலும் ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

மாடியிலிருந்து இதைப் பார்த்த ஊ ராஜரத்தினத்துக்கு எப்படி இருந்திருக்கும்? பெருங்கடலில் எதிரிக் கப்பல் நங்கூரம் போட்டாயிற்று! அன்று காலை அவர் தீவுகளைப் பரப்பவே இல்லை. பயாஜோவைத் தட்டிலிருந்தே நேராகத் தின்றார். ஒரு வாரத்தில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விளக்குகள் தொங்கின. கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி விளக்குகள். அவர் கிடங்கில் நெடுநாளாக விலைபோகாமல் கிடந்தவை என்று படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள், நான் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். முனையில், பவுனக்காவின் தலைக்கு மேலே, ஆள் உயரப் பலகை. அதே பேர், அதே நாலாம் மாடி, அதே இடப்பக்கம். எழுத்து மட்டும் முன்பைவிடப் பெரியது.

விளக்கு எரிந்த மாலையில்தான் அந்தப் பெரிய கோரிக்கை வந்தது.

"டோ பவுனம்மா, நம்ம தம்பி உதயசூரியன் சும்மாத்தான் இருக்கான். ஒங்க அடுப்பு பக்கத்துல ஒரு சின்ன கவுன்டர். கரண்ட் இல்லாதப்ப சனங்க போன் சார்ஜ் போட்டுக்குறதுக்கு. கொஞ்சூண்டு எடம்."

"அடுப்ப எங்க அண்ணே வெக்கிறது?"

"பின்சந்துல வெச்சிக்கங்க. நெழலா இருக்கும். ரெண்டு பேருக்கும் நன்மை."

பின்சந்து என்றால் உங்களுக்குத் தெரியாது. இரண்டு வரிசைக் கட்டடங்களின் முதுகுக்கு நடுவே ஓடும் இடுக்கு. எட்டு மாடிக் குப்பையும் ஜன்னல் வழியாக அங்கேதான் வந்து விழும். பகலிலேயே எலிகள் அங்கே நடைபயிற்சி செய்யும். ஒரு மனிதப் பிறவி இட்லி தின்ன அங்கே வருமா? "அண்ணே, கரையோரமா கொஞ்சூண்டு எடம்னு சொன்னீங்களே, அது இதுதானா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். நானும் அவர் கொடுத்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் தானாக மூடிக்கொண்டது. ஆனாதே!

பவுனக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. தலைக்கு மேலே தொங்கும் பலகையை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம், "அண்ணே சொன்னா சரிதான். வெள்ளிக்கெழம நல்ல நாளு, அன்னிக்கு மாத்திடுவோம்" என்றார். எனக்கு அந்தத் தேநீர் கசந்தது.

இப்போது எங்கள் ஊர்க் கயிறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிப்ட் இல்லாத எட்டு மாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு மணி. காய்கறிக்காரி கயிற்றை இழுப்பாள், மேலே மணி அடிக்கும், பையைக் கிளிப்பில் மாட்டினால் வீட்டுக்காரர் தூக்கிக்கொள்வார். பேப்பர், பால், சாவி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இப்படித்தான் மேலே போகும். நாலாம் மாடி இடப்பக்கக் கயிறு சரியாகப் பவுனக்கா கடைக்குப் பக்கத்தில் வந்து தொங்குகிறது.

மறுநாள் காலை ஒரு விளக்கு கண்சிமிட்டியது. யாரோ பவுனக்காவிடம் கேட்டார்கள். "அது நம்ம அண்ணனுது. பலகையில வெலாசம் இருக்கு பாருங்க. கயிற இழுங்க, சந்தோசப்படுவாரு" என்றார் பவுனக்கா. இழுத்தார்கள். மணி அடித்தது. ஊ ராஜரத்தினம் பால்கனிக்கு வந்து, தலைவர்கள் விமானப் படியில் நிற்கிற மாதிரி கையை ஆட்டினார். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்! பெஞ்சின் கால் ஆடுகிறதா? கயிறு. குடையிலிருந்து தண்ணீர் பின்கழுத்தில் விழுகிறதா? கயிறு. பர்கத்துல்லா பாய் வீட்டு ஜன்னலுக்குள் விளக்கு வெளிச்சம் அடித்துக் குழந்தை தூங்கவில்லை, கயிறு. எதிர்வீட்டு ஜன்னலில் வெளிச்சம் போதவில்லை, அதற்கும் கயிறு. பெஞ்சுக்கு அடியில் தெருநாய் குட்டி போட்டுவிட்டது. நன்கொடை பெஞ்சு ஆயிற்றே, தாய்க்கும் குட்டிகளுக்கும் யார் பொறுப்பு? கயிறு! இட்லி கொஞ்சம் புளித்திருந்த அன்று ஒருவர் பவுனக்காவிடம் முறைத்தார். "மேசை அண்ணனுது, குடை அண்ணனுது, வெளிச்சம் அண்ணனுது. நான் சும்மா நடுவுல நிக்கிறவ" என்றார் பவுனக்கா. அந்த மனிதர் புளித்த இட்லியையே கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். அது ஆடிக்கொண்டே நாலாம் மாடிக்கு ஏறுவதைத் தெருவே கழுத்தைத் தூக்கிப் பார்த்தது. நான் இரண்டாம் மாடியில் நின்று, என் மூக்குக்கு நேரே அது கடந்து போனபோது வணக்கம் சொன்னேன்.

செய்தி பரவியது. பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று வந்து இழுத்தார்கள். இன்சீனிலிருந்து வட்ட ரயில் ஏறி ஒரு பெரியவர் வந்து, பலகையை வாய்விட்டுப் படித்து, விலாசத்தைச் சரிபார்த்து, தங்கள் பேட்டைக்கு எப்போது விளக்கு வரும் என்று கேட்டு இழுத்தார். கரண்ட் போனால், அதற்கும் இழுத்தார்கள். கரண்ட் திரும்பி வந்ததும் எங்கள் ஊரே ஒரே குரலில் "மீ லாபி!" என்று கத்தும், மின்சாரம் வந்துவிட்டது என்று சந்தோஷம். இப்போது கத்துவதோடு நிற்காமல், நல்ல சேதியைத் தெரிவிக்கக் கயிற்றையும் ஒருதரம் இழுத்துவைத்தார்கள். சாப்பிடும்போது மணி. பகல் தூக்கத்தில் மணி. சாமி கும்பிட மணியடித்தால்கூட அந்த வீட்டில், "யாரு?" என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. உதயசூரியன் கவுன்டரைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றான். பவுனக்கா அடுப்பை அணைத்து, கொப்பரையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் படிக்கட்டில் ஒரு சத்தம். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். டோ சாந்தகுமாரி இறங்கி வந்துகொண்டிருந்தார்! முழங்கால் வலியையும் மீறி, நாலு மாடியும், கையில் சோற்றுக் கரண்டியோடு.

வந்தவர் முதலில் பலகையைப் படித்தார். அப்புறம் பெஞ்சைப் படித்தார். அப்புறம் மேசைகளை ஒவ்வொன்றாக, சட்னிக்கு அடியில், தன் பேரைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துப் படித்தார்.

"என்னக் கேட்டா எழுதினீங்க?"

"சாந்தா, அது புண்ணியம்..."

"மணி அடிச்சா நீங்க லத்தாவுல கடையில இருக்கீங்க. நான்ல வந்து பாக்குறேன்! இட்லி வருது, நாய்க்குட்டி வருது! நேத்து ஒரு நாய்க்குட்டிய பையில போட்டு அனுப்பினாங்க, தெரியுமா? இப்பவே பேர அழிங்க."

ஊ ராஜரத்தினத்தின் முகம் வெளுத்தது. "அழிச்சா, குடுத்தத திரும்பப் புடுங்கின மாதிரி ஆயிடும்டீ. மாவ்பியில சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்னா நெனப்பாங்க? செட்டியாரு சிரிப்பான்." செட்டியார் ஏற்கெனவே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் மண்டிக்கு பால்கனி கிடையாது, கயிறும் கிடையாது.

"ஏங்க அண்ணே சங்கடப்படுறீங்க?" என்றார் பவுனக்கா. என்ன ஒரு பணிவு! குரலில் வெண்ணெய் வழிந்தது. "நான் பின்சந்துக்குப் போயிடுறேன். உதயசூரியன் தம்பி இங்க நிக்கட்டும். கேக்குறவங்கள எல்லாம் இத்தன நாளா நான்தான் வழி சொல்லி ஒங்க கயித்துக்கு அனுப்பினேன். இனிமே அந்த வேலய தம்பி பாக்கட்டும். இன்னும் நல்லா அனுப்புவாரு, சொந்தக்காரரு."

டோ சாந்தகுமாரியின் கரண்டி உதயசூரியன் பக்கம் திரும்பியது. உதயசூரியன் கவுன்டரோடு ஓரடி பின்வாங்கினான்.

"அப்ப என்னாதான் பண்ணச் சொல்றே பவுனு?" 'டோ' எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"தானம் குடுத்தா முழுசாக் குடுத்துடணும் அண்ணே. என் பேரப் போட்டு எழுதிடுங்க, பவுனம்மாள் கடைன்னு. அழிச்ச மாதிரியும் இருக்காது, ஒங்க புண்ணியமும் எங்கயும் போகாது. அப்புறம் வந்து திட்டுறவங்க என்னத்தான் திட்டுவாங்க. எனக்குப் பழக்கம்."

ஊ ராஜரத்தினம் பலகையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். அந்தச் சமயத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள், யாரோ ஒரு புண்ணியவான் கயிற்றை இழுத்தார். மேலே மணி அடித்தது. "எழுதிடு, எழுதிடு, யாபாடே!" என்று கத்தினார் ஊ ராஜரத்தினம். பரவாயில்லை என்று பர்மியத்தில் அர்த்தம். நான் கை தட்டினேன். வெட்கப்படவில்லை. செட்டியாரின் ஐஸ் பெட்டி மூடியிலும் பவுனம்மாள் பேரே எழுதப்பட்டது. பெயின்ட் மிச்சம் இருந்தது.

அடுப்பு முனையிலேயே எரிகிறது. உதயசூரியனின் கவுன்டர் எங்கள் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது, தொழில் நன்றாகவே நடக்கிறது. நாலாம் மாடிக் கயிறு ஒரு வாரம் மேலே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு வாரமும் ஊ ராஜரத்தினம் கத்தரிக்காய் வாங்கத் தானே இறங்கி ஏறினார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் உங்களுக்குப் பிடிபடவில்லையே! எட்டாம் நாள் காலை அதே முக்காலி, அதே லப்பெயே. பயாஜோக்கள் பெருங்கடலில் பரவின. "பாருங்க தம்பி, இந்தச் சின்னத் தீவு இருக்கே..." கண் கலங்கியது, வாய் மென்றது. தீவுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசித் தீவும் போனபிறகு பவுனக்கா வந்து, அவர் கேட்காமலே, சூடான பயாஜோ ஒன்றை மேசையின் நடுவில் வைத்தார்.

"இது என் பங்கு அண்ணே. சும்மா சாப்புடுங்க. கண்டிசன் ஒண்ணும் கிடையாது."

நீண்ட கை அந்தரத்தில் நின்றது. அவர் பயாஜோவைப் பார்த்தார். பயாஜோ அவரைப் பார்த்தது. அன்றைக்கு அந்தத் தீவு ஒன்றுதான் பிழைத்தது. அவர் எழுந்து போனபிறகு அதை நான் தின்றேன்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான். போன தீபாவளிக்கு நீங்கள் எதிர்வீட்டுக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பினீர்களே, மூடி போட்ட அந்த எவர்சில்வர் டப்பா, அது இன்னும் திரும்பி வரவில்லை. வரும்போது வெறுமையாக வருமா, உள்ளே ஏதாவது வைத்து வருமா என்று நீங்கள் யோசித்ததே இல்லை. அதன் அடியில் உங்கள் பேர் வெட்டியிருக்கிறது என்பதும் உங்களுக்கு ஞாபகமே இல்லை. இல்லைதானே?